20 பவுண்டு வில்லில் 500 அம்பு ஏன் இடப்பக்கமே போகிறது?

கேள்வி: வணக்கம். நான் சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறேன், வயது 39. மகளுக்கு 14. பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக அவள் வில்வித்தையில் சேர்ந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு போய்வந்த எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. ஆறு மாதமாக இருவரும் ஒரே வில்லில் பழகுகிறோம். மர ரைசர் (நடுவில் கைப்பிடியுள்ள பகுதி) வைத்த 66 அங்குல ரிக்கர்வ் வில், நுனிகள் முன்பக்கம் வளைந்த வகை. வளைகிற லிம்பில் 20 பவுண்டு என்று எழுதியிருக்கிறது. அம்பு வைக்க ஒட்டுகிற பிளாஸ்டிக் ரெஸ்ட், அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் ஸ்பிரிங் பொத்தானான பிளஞ்சர் கிடையாது. என் தம்பி 40 பவுண்டு வில் எய்பவன். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது தன்னுடைய பழைய கார்பன் அம்புகள் 12ஐ எங்களுக்குக் கொடுத்தான். 30 அங்குல நீளம், மேலே 500 என்று அச்சிட்டிருக்கிறது. அன்று முதல் தொல்லைதான். இருவருமே வலது கை. பத்து மீட்டரில் நின்று எய்தாலும் எல்லாம் இலக்கின் இடப்பக்கமே போய்க் குத்துகின்றன. அம்பு வாலை ஆட்டிக்கொண்டே போகிறது, வில்லில் ‘டக்’ என்று சத்தம் வேறு. இரண்டு அம்புகளில் இறகு கிழிந்துவிட்டது. நாணை விடுவது சரியில்லை என்கிறார் பயிற்றுநர். 30 பவுண்டு லிம்ப் வாங்கிப் போட்டால் அம்பு சரியாகிவிடும் என்கிறார் கணவர். வேண்டுமானால் அம்பை வெட்டிச் சின்னதாக்கித் தருகிறேன் என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி? எங்கள் இருவருக்கும் ஒரே அம்பு போதுமா?

பதில்: மூன்று பேரில் உங்கள் பயிற்றுநர் பாதி சரி. கணவர் சொன்னது செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டுகிற கதை. தம்பியின் யோசனை இருப்பதை இன்னும் மோசமாக்கும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். முழுத் தொல்லையும் அந்த 500 என்ற எண்ணில் இருக்கிறது.

அம்பில் எழுதியிருக்கும் எண்ணுக்கு ஸ்பைன் என்று பெயர். அம்புத் தண்டு எவ்வளவு விறைப்பு என்பதன் அளவு அது. தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் மேல் கிடத்தி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். தண்டு எவ்வளவு தொய்கிறது என்பதை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காக எழுதினால் அதுதான் ஸ்பைன். அரை அங்குலம் தொய்ந்தால் 500. ஒரு முழு அங்குலம் தொய்ந்தால் 1000. ஆக, எண் பெரிதானால் அம்பு மெலிவானது, வளையக்கூடியது. எண் சிறிதானால் விறைப்பானது. இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுமாறுவார்கள். 1000 என்றால் 500ஐவிட இரண்டு மடங்கு பலம் என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அலுமினிய அம்பில் எண் இன்னும் குழப்பும். 1516 என்று எழுதியிருந்தால் அது ஸ்பைன் அல்ல: வெளிவிட்டம் அங்குலத்தில் 64ல் 15 பங்கு, சுவரின் தடிமன் ஆயிரத்தில் 16 பங்கு என்று பொருள். அந்த 1516 அம்பின் ஸ்பைன் 1400 அளவில் வரும்.

சரி, வளைய வேண்டிய அவசியம் என்ன, நேராகவே போனால் நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். வல்வில் ஓரியின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, கடைசியில் உடும்பு வரை போன அம்பு அது. அம்பு என்றால் இரும்புக் கம்பி மாதிரி விறைத்து நிற்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு படம் பதிந்துவிடுகிறது. ஆனால் விரலால் இழுத்து விடுகிற வில்லில் அம்பு வளைந்துதான் ஆக வேண்டும். வலது கைக்காரர் நாணை விடும்போது அது விரல் நுனிகளைச் சுற்றி உருண்டு, கொஞ்சம் இடப்பக்கமாக நழுவித்தான் முன்னே பாய்கிறது. அதோடு அம்பின் வாலும் இடப்பக்கம் தள்ளப்படுகிறது. முனையோ கனமானது, உடனே நகராது. பின்னாலிருந்து நாண் தள்ள, முன்னால் முனை மறிக்க, நடுத்தண்டு வில்லை நோக்கி வளைந்து ரெஸ்டின் பக்கவாட்டில் அழுந்துகிறது. அடுத்த நொடித்துளியில் எதிர்ப்பக்கம் வளைந்து வில்லை விட்டு விலகுகிறது. மறுபடி ஒரு வளைவு, அதில் வால் ரைசரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. மீன் வாலைச் சுழித்துக்கொண்டு பாறையைத் தாண்டுவது மாதிரி. வெறும் கண்ணுக்கு இது தெரியாது. 1930களில் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளர் அதிவேகப் படச்சுருளில் பிடித்துக் காட்டியபோதுதான் பலரும் தெளிவாகப் பார்த்தார்கள்.

இந்தச் சுழிப்பு நடக்க, தண்டின் விறைப்பும் வில்லின் வேகமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். 40 பவுண்டு வில் தள்ளும்போது 500 தண்டு தேவையான அளவு வளைந்துவிடும். உங்கள் வில் தள்ளுவது அதில் பாதிகூட இல்லை. தண்டு வளைய மறுக்கிறது. நடுப்பகுதி ரெஸ்டின் பக்கவாட்டில் மோதி அப்படியே இடப்பக்கம் உந்தப்படுகிறது. வால் சுற்றிக்கொண்டு போக இடமில்லாமல் ரைசரில் இடிக்கிறது. நீங்கள் கேட்கும் ‘டக்’ அதுதான், கிழிந்த இறகுகள் அதன் சாட்சி. வலது கைக்காரருக்கு அம்பு விறைப்பாக இருந்தால் இடம், மெலிவாக இருந்தால் வலம். இது ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இடது கைக்காரருக்கு அப்படியே மாற்றிப் போட வேண்டும்.

பயிற்றுநர் பாதி சரி என்றேன் அல்லவா? நாணைப் பக்கவாட்டில் சுண்டி விட்டாலும் அம்பு இடம் போகும். வலது கையால் எய்துகொண்டு இடது கண் ஓங்கியவராக இருந்தாலும் பக்கம் தப்பும். ஆனால் ஒரே பிழை இரண்டு பேருக்கும் ஒரே அளவில் வருவது அரிது. அதிலும் தீபாவளிக்கு வந்த அம்போடு சேர்ந்து வந்திருக்கிறது என்றால், விரலைக் குற்றம் சொல்வதற்கு முன் அம்பைத்தான் விசாரிக்க வேண்டும். ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். ரெஸ்டைச் சுற்றி ரைசரின் உள்பக்கத்தில் முகப் பவுடரை லேசாகத் தடவிவிட்டு ஓர் அம்பு எய்து பாருங்கள். இறகு உரசிய கோடு பவுடரில் தெரியும். அப்படியே ‘நாக்’, அதாவது அம்பின் வாலில் நாண் பூட்டும் பள்ளமுள்ள துண்டு, திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்று இறகில் நிறம் வேறாக இருக்கும் ஒன்று ரைசருக்கு எதிர்ப்பக்கம், வெளியே பார்த்து நிற்க வேண்டும். அது உள்ளே பார்த்து நின்றால் எவ்வளவு பொருத்தமான அம்பும் உரசத்தான் செய்யும். ஒரு முறை ஒரு மாணவரின் வில்லை அரை நாள் குடைந்துவிட்டு, கடைசியில் அம்பின் ‘நாக்’கைக் கால் திருப்பு திருப்பியதும் எல்லாம் சரியானது. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

இனி உங்களுக்குத் தேவையான அம்பு எது என்று பார்ப்போம். இங்கேயும் ஒரு எண் உங்களை ஏமாற்றும். லிம்பில் எழுதியிருக்கும் 20 பவுண்டு, உங்கள் விரலில் விழும் எடை அல்ல. நாணை 28 அங்குலம் வரை இழுத்தால் வரும் எடை அது. அதற்கு முன்னால் நின்றுவிடுகிற கைக்கு எடை குறையும். இந்த மாதிரி இலேசான வில்லில் ஓர் அங்குலத்துக்கு ஒன்றேகால் பவுண்டு அளவில் குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். நீங்கள் இழுப்பது 26 1/2 அங்குலம் என்றால் விரலில் 18 பவுண்டுதான். மகள் 24 1/2 அங்குலம் இழுத்தால் 15, 16 பவுண்டு. ஒரே வில், இரண்டு எடை. உங்கள் கடைசிக் கேள்விக்குப் பாதி விடை இதிலேயே வந்துவிட்டது.

ஊகிக்க வேண்டாம், அளந்துவிடுங்கள். திருச்சி விமானத்துக்குப் பெட்டி கட்டும்போது எடை பார்ப்போமே, கையில் பிடிக்கும் தொங்கு தராசு, அது போதும். முதலில் நீளம்: வழக்கம்போல ஓர் அம்பை வைத்து முழுதாக இழுத்து நில்லுங்கள். ரைசரின் முன்விளிம்பு அம்பைத் தொடும் இடத்தில் மகள் பேனாவால் கோடு போடட்டும். மெதுவாக நாணைத் திரும்ப விடுங்கள். ‘நாக்’ பள்ளத்திலிருந்து அந்தக் கோடு வரை எவ்வளவோ, ஏறத்தாழ அதுதான் உங்கள் இழுப்பு நீளம். மூன்று தடவை செய்து நடுவாந்திரமானதை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் முதல் தடவை கொஞ்சம் விறைத்துக்கொண்டு அதிகமாக இழுப்பார்கள். அப்புறம் தராசின் கொக்கியை நாணில் அம்பு பூட்டும் இடத்தில் மாட்டி, அதே கோடு வரை இழுத்து, அது காட்டும் கிலோவை 2.2ஆல் பெருக்குங்கள். 8.2 கிலோ காட்டினால் 18 பவுண்டு. இதைச் செய்யும்போது எக்காரணம் கொண்டும் நாணை வெறுமனே விட்டுவிடாதீர்கள். அம்பு இல்லாமல் விட்ட நாண் லிம்பைப் பிளந்துவிடும். மகளுக்கும் தனியாக இதே அளவு எடுங்கள்.

இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டுதான் அம்புத் தயாரிப்பாளர்களின் ஸ்பைன் அட்டவணையைத் திறக்க வேண்டும். ஒரு பக்கம் விரல் எடை, இன்னொரு பக்கம் அம்பின் நீளம், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஸ்பைன். ஒரு பிராண்டின் அட்டவணையை வைத்து இன்னொரு பிராண்டின் அம்பை வாங்காதீர்கள், ஒவ்வொருவரும் தங்கள் தண்டுக்கும் முனைக்கும் தக்கபடி போட்டிருப்பார்கள். அட்டவணையைக் கவனித்துப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும்: அம்பு ஓர் அங்குலம் நீண்டால், வில்லில் 5 பவுண்டு கூடியதுபோல அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடும். நீளமான குச்சியை வளைப்பது சுலபம், குட்டைக் குச்சியை வளைப்பது கஷ்டம், அவ்வளவுதான். தம்பியின் யோசனையை நான் தடுத்ததும் இதனால்தான். வெட்டினால் அந்த 500 இன்னும் விறைத்துப்போகும். இலேசாகிவிடுமே என்று அவர் நினைத்திருப்பார், இலேசாவது வேறு, வளைவது வேறு. முனையில் கனத்தைக் கூட்டினால் அம்பு மெலிவாக நடந்துகொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அது ஒரு படியை ஈடுகட்டத்தான் உதவும். 500ஐ 18 பவுண்டுக்குப் பழக்க எவ்வளவு கனமான முனை போட்டாலும் பத்து மீட்டரிலேயே மூக்குக் குப்புற விழுமே தவிர வளையாது.

அட்டவணை சொல்லாத இரண்டு விஷயங்கள் உங்கள் வில்லில் இருக்கின்றன. உலோக ரைசர்களில் அம்பு வைக்கும் சன்னல் நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே வெட்டப்பட்டிருக்கும், பிளஞ்சரை வைத்து அம்பை வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். உங்களுடையதைப் போன்ற மர ரைசர்கள் பலவற்றில் அவ்வளவு ஆழமாக வெட்டியிருக்க மாட்டார்கள். அம்பு கொஞ்சம் வெளியே தள்ளி உட்காரும், சுற்றிக்கொண்டு போக வேண்டிய வளைவும் அதிகம். இரண்டாவது, இவ்வகை வில்லோடு வரும் நாண் பெரும்பாலும் டேக்ரான். அது கொஞ்சம் இழுபடும் நூல், வில்லின் விசையில் ஒரு பங்கைத் தானே விழுங்கிவிடும். இரண்டு காரணமும் ஒரே பக்கம் காட்டுகின்றன: அட்டவணை சொல்வதைவிட ஒரு படி மெலிவான அம்பு. டேக்ரான் நாணை எடுத்துவிட்டு வேகமான நாண் போடலாமா என்று யாராவது ஆசை காட்டினால், அந்த லிம்ப் அதைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். சொல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம்.

உங்கள் அளவுகள் நான் மேலே எடுத்துக்கொண்டபடி இருந்தால், உங்களுக்கு 28 1/2 அங்குல நீளத்தில் 1000க்கும் 1200க்கும் இடையே தேட ஆரம்பியுங்கள். மகளுக்கு 27 1/2 அங்குலத்தில் 1300க்கும் 1600க்கும் இடையே. இது தொடக்கப் புள்ளிதான். வாங்குவதற்கு முன் கிளப்பிலோ பயிற்சிக்கூடத்திலோ இரவல் அம்பு இரண்டு வாங்கி எய்து பாருங்கள். இலேசான வில் வைத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் இடம் எதுவானாலும் இந்த ஸ்பைன் கூடையில் கிடக்கும்.

மகளின் இழுப்புக்கு மூன்று அங்குலம் மிச்சம் வைத்திருக்கிறேன், கவனித்தீர்களா? 14 வயதில் கை நீளும், தோள் திறக்கும், பயிற்சி கூடினால் இழுப்பும் நீளும். இழுப்பு அம்பைவிட நீண்டுவிட்டால் முனை ரெஸ்டைத் தாண்டி உள்ளே விழுந்து, விடும்போது வில் பிடித்த கையிலேயே பாயும். இந்த விளையாட்டில் நான் அஞ்சுகிற விபத்து அதுதான். அம்பு கொஞ்சம் நீளமாக இருப்பதால் யாருக்கும் காயம் வந்ததில்லை. இன்னொரு லாபமும் உண்டு. நாளைக்கு அவள் 22, 24 பவுண்டுக்குப் போனால் அதே அம்பு மெலிவாகத் தோன்றும். அப்போது அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று வெட்டி விறைப்பேற்றிக்கொள்ளலாம். இந்த வயதில் அம்பின் நீளம் உண்டியலில் போட்ட காசு மாதிரி, ஒரே நாளில் செலவழிக்கக் கூடாது. வெட்டும்போது கத்தியோ கம்பி அறுக்கும் கட்டரோ கூடாது, கார்பன் நாராகப் பிரிந்துவிடும். வேகமாகச் சுழலும் அறுப்புச் சக்கரம் உள்ளவரிடம் கொடுங்கள்.

ஒரே அம்பு இருவருக்கும் போதுமா என்றால், போதாது என்பதுதான் என் கருத்து. ஒரே ஸ்பைனை வாங்கி மகளுக்கு நீளமாகவும் உங்களுக்குக் குட்டையாகவும் வைத்துச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கணக்கு ஓரளவு ஒத்துவரும். ஆனால் நீளமான அம்பு கனமும் கூட, 15 பவுண்டு விரலுக்கு அது பாரம். ஆளுக்கு 12 வேண்டாம், ஆறு ஆறாக இரண்டு வகை வாங்குங்கள். பிராண்டைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள், இந்த நிலையில் மலிவான கார்பன் போதும், அலுமினியமும் மோசமில்லை. தண்டு எவ்வளவு நேர் என்பதன் அளவு, அங்குலத்தில் ஆயிரத்தில் 3 பங்கா 6 பங்கா என்று கடையில் பேசுவார்கள். ஆறு மாத விரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஒட்டும் பிளாஸ்டிக் ரெஸ்ட்டோடு சின்னதாக, மெத்தென்ற இறகு இருந்தால் நல்லது. வான்கோழி இறகு போட்ட அம்பு உரசினாலும் மடிந்து கொடுக்கும். மழையில் நனைந்தால் துவண்டுவிடும் என்பதால் திறந்தவெளித் திடலுக்கு எடுத்துப் போகும் நாளில் நம்மூர் வானத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

புது அம்பு வந்தபின் இறகில்லாத அம்பு எய்து பார்க்கும் சோதனையைப் பற்றி யாராவது சொல்வார்கள். நல்ல சோதனைதான். பத்துப் பன்னிரண்டு மீட்டரில் இறகுள்ளது மூன்று, இறகில்லாதது இரண்டு எய்து, இறகில்லாதது கூட்டத்துக்கு இடம் போனால் விறைப்பு, வலம் போனால் மெலிவு என்று முடிவு செய்வார்கள். இறகில்லாதது கீழே போய்க் குத்தினால் நாணில் அம்பு பூட்டும் இடம் ரொம்ப மேலே இருக்கிறது, மேலே போனால் ரொம்பக் கீழே இருக்கிறது. ஆனால் அவசரப்படாதீர்கள். இறகுள்ள அம்புகள் ஒரு சாப்பாட்டுத் தட்டளவுக்குள் வந்து குத்தும் வரை இந்தச் சோதனை உங்கள் விரலின் ஆட்டத்தைத்தான் அளக்கும், அம்பை அல்ல. அது வரைக்கும் சத்தம் நின்றதா, வாலாட்டம் குறைந்ததா, இறகு பிழைத்ததா என்று மட்டும் பாருங்கள். மகளுக்கு முன்பே உங்களுக்கு அது வந்துவிட்டால் வீட்டில் சண்டை வரும், அதற்கு நான் பொறுப்பில்லை.

30 பவுண்டு லிம்ப் பற்றிக் கணவரிடம் இப்படிச் சொல்லுங்கள். விரலில் 18 வைத்துக்கொண்டு ஆறு மாதம் பழகியவருக்கு 30 போட்டால் விரலில் 27 வரும், ஒன்றரை மடங்கு. தோள்பட்டை தூக்கிக்கொள்ளும், நாணைத் தாடையருகே ஒரு மூச்சுகூட நிறுத்த முடியாது, ஆறு மாதத்தில் கற்றதெல்லாம் ஆறு நாளில் போய்விடும். அவ்வளவும் செய்தபின்னும் 27 பவுண்டுக்கு 30 அங்குல 500 அம்பு விறைப்புதான். மகளின் தோளில் அதை ஏற்றுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். எடை கூட்டுவதானால் இரண்டு இரண்டு பவுண்டாக, அதுவும் பயிற்றுநர் சொன்ன பிறகு.

வேறு யாராவது எண் அழிந்த அம்பு கொடுத்தால் வீட்டிலேயே அளந்துவிடலாம். இரண்டு நாற்காலி முதுகுகளை 71 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து அம்பைக் கிடத்துங்கள். ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, சமையலறைத் தராசில் மொத்தம் 880 கிராம் வரும்படி செய்து, நூல் கட்டி நடுவில் தொங்கவிடுங்கள். தொய்வை மில்லிமீட்டரில் அளந்து 25.4ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் ஸ்பைன். 25 மில்லிமீட்டர் தொய்ந்தால் 1000க்குப் பக்கம், 13க்குக் கீழே நின்றால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 28 அங்குலத்துக்குக் குட்டையான அம்பு தாங்கியில் நிற்காது, அதை இப்படி அளக்க முடியாது.

தம்பியின் 12 அம்புகளை அவரிடமே கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் இரு கையால் முனையும் வாலும் பிடித்து, முகத்தை விட்டுத் தள்ளி, மெல்ல வளைத்து, சுற்றிச் சுற்றிப் பாருங்கள். விரிசல் சத்தமோ, சிலாம்பு எழும்பிய இடமோ தெரிந்தால் இரண்டாக உடைத்து, உடைந்த முனைகளில் டேப் சுற்றிக் குப்பையில் போடுங்கள். ரைசரில் இத்தனை நாள் இடித்த அம்புகள் அவை. 40 பவுண்டு வில்லில் அவர் திரும்ப எய்யும்போது கார்பன் தண்டு பிளந்தால் சிலாம்பு கையில்தான் ஏறும்.